முப்பதுக்குள்ள

மச்சான்மாரே, உங்கள்ல எவனாச்சும் பேஸ்புக்ல உண்மையான வயசு போட்டிருக்கானா? தெரியும். பொத்திக்கிட்டுக் கேளுங்கடா.

கம்பியூட்டர் கோர்ஸ பாதியில உட்டவன்னு நக்கலடிச்சீங்களே? அந்தப் பாதிய வச்சுத்தான் குட்ஷெட்டுக்கிட்ட இரிக்கிற கலியாண புரோக்கர் ஜவாஹிர் நானா பொண்ணு மாப்புள விவரம் எழுதி வச்ச கொப்பியெல்லாம் கம்பியூட்டர்ல ஏத்திக் குடுத்தேன்.

நானாட கொப்பியில வயசு ஒருக்கா எழுதினா எழுதினதுதான். அஞ்சு வருசம் போனாலும் பொண்ணுக்கு இருபத்தொம்பது.

நான் வயசையே ஏத்தல்ல. பொறந்த தேதி மட்டும். பேரத் தட்டினா, இண்டைக்கித் தேதியில இருந்து அதக் கழிச்சு எஸ்கியூஎல்ங்கிற புரோகிராம் தானே வயசச் சொல்லும். பொண்ணும் வளரும், கணக்கும் வளரும்.

போன சனிக்கிழம மடவளையில இருந்து ஹுஸைன் நானா வந்திருந்தார். மகள் றலியாவுக்கு மூணு வருசத்துக்குப் பொறகு ஒரு எடம் சரிவந்திரிக்கு. மாப்புளட உம்மா முன்கதிரையில ஒக்காந்திருந்தாங்க.

"விவரத்த ஒரு பிரிண்ட் எடுத்துத் தாங்க மகன்."

எடுத்தேன். றலியா, முப்பத்திநாலு.

"முப்பதுக்குள்ளன்னுதானே சொன்னோம்?" மாப்புளட உம்மாட மொகம் சுருங்கிட்டு.

மாப்புளக்கு நாப்பத்தொண்டுன்னு சொன்னதும் அதே கம்பியூட்டர்தான். அத யாரும் கேக்கல்ல.

ஜவாஹிர் நானா என்ட காதுக்குக் குனிஞ்சார். "பிழையா வந்துட்டுன்னு சொல்லி வேற ஒண்டு அடிடா."

"அது எழுதின வயசில்ல நானா, கழிச்சு வாற வயசு. மாத்த ஏலா."

"அப்ப முப்பதுக்குள்ள வேற யாரு இரிக்கா?"ன்னு உம்மா கேட்டாங்க.

தட்டினேன். லிஸ்ட்ல மொதப் பேரு ஸுமைரா, இருபத்தொம்பது. உம்மா அவட போட்டோவ நானாக்கிட்ட வாங்கி ஹேண்ட்பேக்ல போட்டுக்கிட்டு எழும்பிட்டாங்க.

ஹுஸைன் நானா மகள்ட போட்டோவத் திரும்ப சட்டப் பைக்குள்ள வச்சார். வாசல் வரைக்கும் போய்த் திரும்பினார்.

"யாருக்குமே மாத்த ஏலாதா மகன்?"

"யாருக்குமே ஏலா. கம்பியூட்டர் பொய் சொல்லாது."

கம்பியூட்டர் சொல்லல்லதான். ஸுமைரா என்ட ராத்தா, கூடப் பொறந்த மூத்தவ. வயசு முப்பத்தஞ்சு. அவட பேரு வந்தா மட்டும் கழிக்காம இருபத்தொம்பதுன்னு காட்டுன்னு ஒரு வரி எழுதி வச்சது நான்தான்.