வெள்ளிக்கிழமை பத்து மணி வீடியோ

அந்த அம்மா அழுத அழுகையைப் பார்த்து எனக்குப் பற்றிக்கொண்டுதான் வந்தது.

“கேக்குது! என் பொண்ணு கூப்பிடறது கேக்குது!”

காதுக் கருவியை மாட்டி முழுசாக ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. பதினெட்டு வருஷமாக இந்தக் கடையில் நானும்தான் மாட்டிவிடுகிறேன். முதல் தடவை எல்லோரும் முகத்தைச் சுளிப்பார்கள். “என்னங்க, ஒரே இரைச்சலா இருக்கு” என்பார்கள். இந்த அம்மா என்னடாவென்றால் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுகிறார். இலவசம் என்றால் இப்படியா கண்ணீர் கொட்டும்?

“சூப்பர்! போதும், நிறுத்து!” என்றார் முதலாளி.

செல்போனைப் பிடித்துக்கொண்டிருந்த வீடியோப் பெண்ணுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

அவள் வேலையில் சேர்ந்து நாலு மாசம். கடை விளம்பரம் அவள் பொறுப்பு. முதலாளி தினமும் நாலு தள்ளுபடி போஸ்டர் போடச் சொல்வார். ஒரு நாய்கூடச் சீந்தாது. அவள்தான் துணிந்து சொன்னாள்.

“சார், தினமும் கூவ வேணாம். வாரத்துக்கு ஒரே வீடியோ. வெள்ளிக்கிழமை பத்து மணின்னா பத்து மணி. நிஜமான ஒரு ஆளு, அவங்களுக்கு ஒரு கருவி இலவசம், அவங்க கதை. ஜனங்க காத்திருந்து பார்ப்பாங்க.”

“ஒரு மாசம் தரேன். பார்க்கலாம்” என்றார் முதலாளி.

முதல் வாரம் வந்த ஓட்டல்காரர் கருவியை மாட்டியதும், “ம்… பரவால்ல” என்றார். அவ்வளவுதான் அவர் கதை. இரண்டாவது ஆள் கேமராவைப் பார்த்ததும் வாயே திறக்கவில்லை. மூன்றாவது ஆள் வரவே இல்லை.

நேற்று மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தவள் அப்படியே மூடிவிட்டாள்.

“அண்ணே, அப்பா படுத்த படுக்கையா இருக்காரு. என் சம்பளத்துலதான் மருந்து, சாப்பாடு எல்லாம். இந்த வேலையும் போச்சுன்னா என்ன பண்ணுவேன்னே தெரியல.”

இன்று நாலாவது வெள்ளி. நூல் மில்லில் மெஷின் இரைச்சலுக்கே காதைப் பறிகொடுத்த இந்த அம்மாவை அவளே தேடிப் பிடித்து, மகளோடு கூட்டி வந்திருந்தாள்.

காலையிலிருந்தே முதலாளி தாம்தூம் என்று குதித்துக்கொண்டிருந்தார். தோல் நிறத்தில் ஒரு கருவியை எடுத்து வைத்தேன்.

“யோவ், இது வீடியோவுல தெரியவே தெரியாது. அலமாரியில காட்சிக்கு வெச்சிருக்கோமே சிவப்பு, அதை எடு! மணி ஒன்பதே முக்கால்!”

மாற்றி எடுத்தேன். அந்த அம்மா மேஜைக் கண்ணாடி முன்னால் உட்கார்ந்திருந்தார். அவர் முதுகுக்குப் பின்னால் நின்றபடியே முதலாளி வீடியோப் பெண்ணிடம் எரிந்து விழுந்தார்.

“இன்னிக்கும் சொதப்பினே, நாளையிலேர்ந்து இந்தப் பக்கம் வராதே.”

“சார், மெதுவா…” என்றேன்.

“யாருக்குக் கேக்கப் போகுது?” என்று சிரிப்பு வேறு.

அப்புறம்தான் அந்த அழுகை.

பத்து மணிக்கு வீடியோ போனது. பத்தரைக்குள் கடை போன் ஓயாமல் அடித்தது. ‘செம நடிப்பு’ என்று எவனோ கீழே எழுதியிருந்தான். என் மனசில் இருந்ததைத்தான் எழுதியிருந்தான்.

மேஜையைத் துடைக்கப் போனேன். தட்டில் பேட்டரி கிடந்தது. சட்டைப் பொத்தானில் பாதி இருக்கும். மேலே ஒட்டியிருந்த தாளைக்கூட உரிக்கவில்லை.

அலமாரியில் காட்சிக்கு வைக்கிற கருவியில் பேட்டரி இருக்காது. முதலாளி போட்ட சத்தத்தில் நானும் போட மறந்துவிட்டேன்.

தெருவுக்கு ஓடினேன். நல்லவேளை, பஸ் வரவில்லை. அம்மாவும் மகளும் நிறுத்தத்திலேயே நின்றிருந்தார்கள். ஏதோ சொல்லித் திரும்பக் கூட்டி வந்து உட்கார வைத்தேன்.

“ஏம்மா, உங்களுக்கு ஒண்ணுமே கேட்டிருக்காதே! பின்ன எதுக்கு அப்படி அழுதீங்க?”

என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தவர் மெல்லச் சிரித்தார்.

“மில்லுல யார் பேச்சு யாருக்குங்க கேக்கும்? வாயசைவைப் பார்த்துத்தான் நாங்க பேசிக்குவோம். இந்தக் கண்ணாடியில உங்க முதலாளி வாய் நல்லாத் தெரிஞ்சுது. பின்னால நின்னு என் பொண்ணு கூப்பிட்டதும் தெரிஞ்சுது. எனக்குக் கேக்கலேன்னா அந்தப் புள்ள பொழப்பு போயிடுமே… அதான்.”

வெட்கத்தில் எனக்குத் தலை நிமிரவில்லை. தாளை உரித்து, பேட்டரியைப் போட்டு, சிவப்புக் கருவியைத் திரும்ப மாட்டினேன்.

“இப்ப கூப்பிடும்மா” என்றேன் மகளிடம்.

அவள் வாயைத் திறப்பதற்குள் முதலாளியின் அறையிலிருந்து குரல் வந்தது. கதவு சாத்தியிருந்தது. அவருக்கு எப்போதும் மெதுவாகப் பேச வராது. யாருடனோ போனில் இருந்தார்.

“வீடியோ பிச்சுக்கிட்டுப் போகுதுப்பா! அந்தப் பொண்ணா? இந்த மாசத்தோட அனுப்பிடறேன். வெள்ளிக்கிழமை, பத்து மணி, ஒரு ஆளு, ஒரு அழுகை. இவ்வளவுதானே? வழி தெரிஞ்சுபோச்சு. இனிமே அவளுக்கு எதுக்குத் தண்டச் சம்பளம்?”

வாசல் பக்கம் நாற்காலியில் உட்கார்ந்து, அடுத்த வெள்ளிக்கு வரச் சொல்லி யாருடனோ சந்தோஷமாகப் பேசிக்கொண்டிருந்தாள் வீடியோப் பெண்.

“கேக்குதாம்மா?” என்றேன்.

அந்த அம்மா சாத்திய கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். இந்தத் தடவை அழவில்லை.

“கேக்குதுங்க” என்றார். “நல்லாவே கேக்குது.”