மன்னிப்புத் தட்டம்

“மிஸ் என்னை நிப்பாட்டிப் போட்டா அப்பா. சனிக்கிழமை ஷோவிலையும் நான் இல்லையாம். பழகக் குடுத்த பாட்டுக் கசற்றையும் திருப்பி வாங்கிட்டா.”

மிசிசாகாவில் இரவு வேலை முடித்து வந்த திருச்செல்வம் சப்பாத்தைக்கூடக் கழற்றவில்லை.

“ஏனாம்?”

“பரம்பரையா வந்த ஆட்டத்திலை வேறை ஆட்டத்தைக் கலந்து பழுதாக்கிறனாம்.”

“அவ சொல்லுறது சரிதானே? ஏழு வயசிலையிருந்து பரதம் பழகுறாய். உனக்கேன் உந்தக் கலப்படம்?”

மகள் கஜனி தலையைக் குனிந்தபடி அறைக்குள் போனாள்.

ஏசினாரே தவிர, அவருக்கு மனம் கேட்கவில்லை. வெற்றிலை, பாக்கு, வாழைப்பழம் எல்லாவற்றையும் தட்டத்தில் அடுக்கினார்.

“வெளிக்கிடு. போய்க் காலிலை விழுவம். எங்கடை மிஸ்தானே, இரங்குவா.”

வோபர்னில் மிஸ்ஸின் வீட்டு வாசலில் காரை நிறுத்தியதும் கஜனி விம்மத் தொடங்கினாள்.

“இந்த மிஸ் என்னைப் போன வருசமே நிப்பாட்டிட்டா அப்பா. பரதத்திலை ஃபிளமெங்கோ கலக்கிறனாம்.”

“அதென்ன?”

“ஸ்பெயின்காரரின்ரை ஆட்டம். உங்களுக்குச் சொல்லாமல் அதுவும் பழகினனான்.”

“அப்ப, நேற்று நிப்பாட்டினது?”

“ஸ்பெயின் மிஸ். கால் சரியாம். ஆனா என்ரை கையிலை பரதம் வருதாம்.”

மகளின் மடியிலிருந்த தட்டத்தையே திருச்செல்வம் பார்த்துக்கொண்டிருந்தார். இந்த மிஸ் கதவைத் திறக்கப் போவதில்லை. அந்த மிஸ்ஸுக்கு வெற்றிலை எதற்கென்றே தெரியாது.

விழுவதற்கு இந்த ஊரில் ஒரு காலும் மிச்சமிருக்கவில்லை.