முதலில் மறுக்க வேண்டும்

துறைமுகத்தில் கப்பலின் சங்கு ஓயும்வரை நீதிமன்றத்தில் றஹ்மாவின் வழக்கறிஞர் காத்திருக்கிறார். "படகில டைனமைட் கொளுத்தினது ஆர், தம்பி?" சாட்சிக்கூண்டில் நிற்கும் படகுத் தொழிலாளி நுஸ்கியின் கை கம்பியை இறுக்குகிறது. எதிரே றஹ்மா. மீனுக்காகக் கொளுத்திய அந்த வெடியில் புருஷனை இழந்து, படகு முதலாளியிடம் நட்டஈடு கேட்பவள். "சொல்ல ஏலாது எண்டு முதல்ல மறு. நீதிபதி வற்புறுத்தின பிறகு சொன்னால் அந்தச் சொல்லை உனக்கெதிராப் பாவிக்க ஏலாது; மறியல், சிறை ஒண்டும் இல்ல," என்று நுஸ்கியின் லோயர் காலையிலேயே படிப்பித்திருக்கிறார். விருந்தில் "போதும், போதும்" என்று கையால் மறைத்துவிட்டுச் சோறு வாங்குகிற அதே மரியாதைதான். மின்விசிறி கறகறக்கிறது. சன்னல் வெயிலில் றஹ்மா முக்காட்டு நுனியைக் கடிக்கிறாள். "நானா, அல்லாவுக்காகச் சொல்லுங்க," என்று அவனை அண்ணன் முறை வைத்துக் கேட்கிறாள். "நான்தான், தங்கச்சி," என்கிறான் நுஸ்கி உடனே, மறுக்காமலே. அவனுடைய லோயர் கண்ணை மூடுகிறார். பின்வரிசைப் பொலிஸ்காரர் தொப்பியை எடுத்து மாட்டுகிறார்.