வளைவு தாண்டி வருகிறவர்

மரங்கள் துளிர்க்கும் மாதத்தில் மலைமேல் உள்ள அருவிக்குப் போய் இறங்குகிறவர்களிடம், என்னென்ன விலங்குகளைப் பார்த்தார்கள் என்று கேட்டு நோட்டில் எழுதுவது அடிவாரத்து வனத்துறை கேட் காவலரின் வேலை. அன்று காலையிலிருந்து அவர் பெஞ்சைவிட்டு எழுந்திருக்கவே இல்லை.

“மூணு மான்,” என்றார் முதலில் இறங்கிய டாக்டரம்மா. “அருவிகிட்ட உங்களையும் பார்த்தேனே. அதுக்குள்ள எப்படி இறங்கினீங்க?”

காவலர் மானை மட்டும் எழுதினார்.

அடுத்து வந்த புதுமணத் தம்பதி மரப்பாலத்தில் ஒரு மலையணிலைப் பார்த்திருந்தார்கள். “அங்கதான் உங்க அண்ணனையும் பார்த்தோம். உங்களை உரிச்சு வச்ச மாதிரியே இருக்கார்.”

காவலர் வீட்டுக்கு ஒரே பிள்ளை.

கடைசியாக இறங்கிய தபால்காரர் கண்ணில் எந்த விலங்கும் படவில்லை. “உங்க அண்ணன் அந்த வளைவுகிட்ட வந்துட்டார். கேட்டைப் பூட்டிடாதீங்கன்னு சொல்லச் சொன்னார்.”

மணி ஐந்து, கேட்டைப் பூட்டும் நேரம். மேலே போன எல்லோரும் இறங்கிவிட்டார்கள். காவலர் பூட்டை மடியில் வைத்துக்கொண்டு, பெஞ்சில் சற்று ஓரமாக நகர்ந்து உட்கார்ந்தார்.