வாசலில் குடித்தனம்

"லொரெட்டா, உன் வீட்ல குடியிருக்கிறவங்க உன் வீட்ல குடியில்லை."

போனில் ஃபிலிஸ் சொன்னது லொரெட்டாவுக்கு முதலில் விளங்கவில்லை. ஃபிலிஸ், அயோவாவில் அவளுடைய எதிர்வீட்டுக்காரி. லொரெட்டாவோ அரிசோனா பாலைவனத்தில், சக்கரம் வைத்த வீடான தங்கள் கேரவனின் வாசலில் மடக்கு நாற்காலி போட்டு வெயில் காய்ந்துகொண்டிருந்தாள். வீட்டை ஒரு வருடத்துக்கு வாடகைக்கு விட்டுவிட்டு, கணவர் வெண்டலுடன் ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டிருக்கிறாள்.

"புரியிற மாதிரி சொல்லு."

"உன் வீட்டு வாசல்ல ஒரு ஓட்டை கேரவன் நிக்குது. அந்தப் பையனும் பொண்ணும் அதுலதான் சமைக்கிறாங்க, அதுலதான் தூங்குறாங்க. இங்க பனி முழங்கால் உசரம். ஆனா உன் வீட்ல ஒரு விளக்குகூட எரியலை. மூணு மாசமா பார்க்கிறேன்."

"மூணு மாசமா? இப்பதான் சொல்றியா?"

"அடுத்தவங்க விஷயத்துல நான் தலையிடுறதில்லையே."

பைனாகுலர் இல்லாமல் ஜன்னல் பக்கம் போகாத ஃபிலிஸ்தான் இதைச் சொன்னாள்.

லொரெட்டா நாற்காலியை மடக்கிக்கொண்டு எழுந்தாள். உயிரைக் கொடுத்துக் கட்டிக்காத்த வீடு.

"உள்ள என்னத்தை வெச்சிருக்காங்க, வெண்டல்? கஞ்சாச் செடியா?"

"கோழியா இருக்கலாம்," என்றார் வெண்டல், பேப்பர் தட்டிலிருந்த சாண்ட்விச்சைக் கடித்தபடி.

"உனக்கு எல்லாமே சிரிப்புதான். வண்டியை எடு. போய்ச் சேர்ற அன்னிக்கே அதுங்க ரெண்டையும் வெளியே தள்ளலைன்னா நான் லொரெட்டா இல்லை."

மூன்று நாள் பயணம். நியூ மெக்சிகோவைத் தாண்டுவதற்குள் சோபா கிழிந்துவிட்டது. கான்சஸில் கார்பெட் பற்றி எரிந்தது. அயோவா எல்லையைத் தொட்டபோது குளியல் தொட்டியில் ஒரு முதலையே வளர்ந்துகொண்டிருந்தது. எல்லாம் அவள் மனசுக்குள்தான்.

வீட்டு வாசலில் வாடகைக்கு வந்த பையன் டஸ்டின் கம்பளிக் குல்லாயோடு பனியை அள்ளிக்கொண்டிருந்தான். அவன் மனைவி கேசி கேரவனிலிருந்து தலையை நீட்டினாள்.

"மேடம், நீங்க செப்டம்பர்லதானே வர்றதா இருந்தது?"

"சாவியைக் கொடு."

டஸ்டின் உடனே கொடுத்துவிட்டான். அதுவே அவளுக்குச் சந்தேகத்தைக் கூட்டியது.

"ஷூவைக் கழட்டிட்டுப் போங்க மேடம்," என்றாள் கேசி.

"என் வீட்ல எனக்கே சட்டம் போடுறியா?"

"உங்க சட்டம்தான் மேடம். ஒன்பதாம் நம்பர்."

லொரெட்டா பல்லைக் கடித்துக்கொண்டு ஷூவைக் கழற்றினாள். கதவைத் திறந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

சோபாவின் பிளாஸ்டிக் உறையில் ஒரு சுருக்கம் இல்லை. கார்பெட்டில் வாக்யூம் கிளீனர் போட்ட கோடுகள் உழுத வயல் மாதிரி நேர்நேராக ஓடின. குளியலறையில் விருந்தாளிகளுக்கென்று மாட்டிய துண்டுகள் மடிப்புக் கலையாமல் தொங்கின. அடுப்பை மோந்து பார்த்தாள். எலுமிச்சை வாசனை. எதற்கும் இருக்கட்டுமென்று குளியல் தொட்டியையும் ஒருமுறை எட்டிப் பார்த்துக்கொண்டாள்.

குற்றம் சொல்ல ஒன்றுமே அகப்படவில்லை. அவளுக்கு அழுகையே வந்துவிடும்போல இருந்தது. வாசலுக்கு வந்தாள்.

"அப்புறம் எதுக்குடா வெளியே குடியிருக்கீங்க?"

கேசி உள்ளே போய், பிரிட்ஜ் கதவில் லொரெட்டா ஒட்டியிருந்த நிபந்தனைப் பட்டியலை எடுத்து வந்தாள். நான்கு பக்கம், அறுபத்திரண்டு நிபந்தனை, லேமினேஷன் வேறு.

"கார்பெட்ல காலடித் தடம் தெரியக்கூடாதுன்னு எழுதியிருக்கீங்க. நடந்தா தெரியுது மேடம். இவன் குதிச்சுக்கூட பார்த்தான். அப்ப இன்னும் நல்லா தெரியுது."

"சோபாவுல உட்காரலாம், சாயக்கூடாது. பன்றிக்கறி வறுத்தா வாசனை திரைச்சீலையில ஏறிடும். சிங்க்ல ஒரு சொட்டுத் தண்ணி நிக்கக்கூடாது," என்றான் டஸ்டின். "ரெண்டு வாரம் முட்டி மோதிப் பார்த்தோம். முடியலை. எங்க தாத்தாவோட பழைய கேரவனைக் கொண்டுவந்து நிறுத்திட்டோம். அதை நிறுத்தக்கூடாதுன்னு மட்டும் நீங்க எழுதலை."

"பிடிக்கலைன்னா காலி பண்ணிட்டுப் போக வேண்டியதுதானே?"

"ஒரு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டிருக்கோமே மேடம். வாக்குன்னா வாக்குதானே. தினமும் காலையில உள்ள போய்த் தூசி தட்டுவோம். அப்புறம் வாக்யூம் போட்டுக்கிட்டே பின்பக்கமாவே நடந்து வெளியே வந்துடுவோம்."

லொரெட்டா பட்டியலைத் திருப்பிப் பார்த்தாள். இவர்களை எந்த வாயால் வெளியே போகச் சொல்வது? ஏற்கெனவே வெளியேதான் இருக்கிறார்கள்.

கேசி விடாப்பிடியாகக் காபிக்கு அழைத்தாள். அந்த ஓட்டை கேரவனுக்குள் நாலு பேர் முழங்காலும் இடித்துக்கொண்டன. பன்றிக்கறி வாசனை மூக்கைத் துளைத்தது. படுக்கையில் நாய் குறட்டை விட்டது. கோப்பையை எங்கே வைப்பது என்று லொரெட்டா தவித்தாள்.

"எங்க வேணா வைங்க மேடம்," என்றாள் கேசி.

வெண்டல் மட்டும் மூன்று முறை காபி கேட்டு வாங்கிக் குடித்தார்.

விடைபெற்றுத் தங்கள் வண்டியில் ஏறி உட்கார்ந்ததும் லொரெட்டா பொரிந்து தள்ளினாள்.

"கிறுக்குப் பிள்ளைங்க. அவ்வளவு அழகான வீட்டை விட்டுட்டு யாராவது வண்டியில போய்க் குடியிருப்பாங்களா, வெண்டல்?"

வெண்டல் சாவியைத் திருகினார்.

"கெட்டிக்காரப் பிள்ளைங்க," என்றார். "ரெண்டே வாரத்துல முடிவெடுத்துட்டாங்க. இந்த வண்டியை வாங்க எனக்கு முப்பத்தோரு வருஷம் ஆச்சு."