படிக்க மாட்டேன் என்ற பிள்ளை

"படிக்கேலாது எண்டா படிக்கேலாது!" கஜீவன் அறைக்கதவை அடித்துச் சாத்தினான்.

ஞானாம்பிகை கதவடியில் நின்று கெஞ்சினாள். "என்ர ராசா, உன்ர படிப்புக்கெண்டு ஜான்-டலோன் சந்தையில மரக்கறிப் பெட்டி தூக்கிச் சேர்த்த காசடா. டிசம்பரோட அந்தப் படிப்புக் கணக்கை மூடுறாங்கள். நீ ஒரு வகுப்பிலயும் சேராட்டி, அரசாங்கம் தன்ர பங்குக்குப் போட்ட காசைத் திருப்பி எடுத்திடும். வட்டிக்கு என்னட்ட வரி, அதுக்கு மேல தண்டமும்."

"நான் படிச்சா மட்டும் வரி இல்லையோ?"

"அப்ப வட்டி உன்ர வருமானமாத்தான் போகும். உனக்கு உழைப்பில்லை, வரியும் வராது."

"புத்தகத்தைக் கண்டாலே எனக்குத் தலையிடி, அம்மா."

"வெல்டிங்காவது படியன். உன்ர காலில விழட்டே?"

அவள் குரல் உடைந்தது. கதவு திறந்தது.

"அழாதேங்கோ. நாளைக்கே பதியிறன்."

கஜீவனுக்கு வயது முப்பத்தாறு. வேலை போய் வீட்டில் இருந்தான். அவனுடைய முதல் பிறந்தநாளில் தொடங்கிய படிப்புச் சேமிப்பை அந்த நாட்டுச் சட்டப்படி முப்பத்தைந்து வருடங்களுக்கு மேல் வைத்திருக்க முடியாது.

அவனுடைய நாலு வயது மகள் வித்தியா ஓடிவந்து கையைப் பிடித்தாள்.

"பப்பா, நீங்களும் பள்ளிக்கூடமோ? முதல் நாள் மட்டும்தான் அழுகை வரும். பேந்து பழகீடும்."