நாலு சக்கரமும் இழுக்கும் வண்டி

“இதுல எப்பவும் நாலு சக்கரமும் இழுக்கும், நிசா. லிவர் போடணும், எறங்கித் திருகணும்னு ஒண்ணும் இல்ல. மலையில எவ்வளவு பனி எறங்கினாலும் உடும்பு மாதிரி ஒட்டிக்கிட்டுப் போகும்.”

அந்த வெள்ளை வண்டியின் பானட்டைத் தட்டித் தட்டிச் சொன்னான் அய்யூப். பக்கத்தில் நின்ற அவன் மனைவி ஃபக்ருன்னிசா தலையை மட்டும் ஆட்டினாள். மூன்று வாரமாக வீட்டில் இதே பேச்சுத்தான். ரங்கூனில் தாமுவே பேட்டை மார்க்கெட்டுக்கும் ரயிலடிக்கும் ஆள் சேர்த்து ஏற்றி லைன் கார் ஓட்டிக்கொண்டிருந்த மனிதன், இப்போது சோற்றில் கை வைத்தால்கூட ஃபுல் டைம் ஃபோர் வீல் டிரைவ் என்கிறான்.

வெள்ளைக்காரர்கள் பர்மாவைச் சுற்றிப் பார்க்க வரத் தொடங்கியிருந்த காலம் அது. அவர்கள் வருவது குளிர்காலத்தில். ரங்கூனில் குளிர் என்றால் விடியற்காலையில் ஒரு துண்டைப் போர்த்திக்கொண்டால் போதும். ஆனால் அவர்கள் போக விரும்புவது கலோ மலைக்கு. அங்கே மூடுபனி இறங்கிவிட்டால் ரோடு எண்ணெய் தேய்த்ததுபோல் கிடக்கும். ஃபக்ருன்னிசாவின் அண்ணன் ஜாபர், தெரிந்த சுற்றுலாக் கம்பெனியில் சொல்லி, குளிர்காலம் முழுக்க அந்த மலைக்கு ஆளேற்றிப் போகும் வேலையை அய்யூப்புக்குப் பிடித்துக் கொடுத்திருந்தார். நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி கிடைத்தால்தான் போவேன் என்று அய்யூப் அவரிடம் சொல்லியிருந்தான்.

போன குளிர்காலத்தில் அதே மலையில்தான் அடுத்த தெரு ஆபித்தின் வண்டி வழுக்கிப் பள்ளத்தில் விழுந்தது. ஆபித் திரும்பி வரவில்லை. அவன் வண்டியும் நாலு சக்கரத்தில் இழுத்திருந்தால் பிழைத்திருப்பான் என்பது அய்யூப்பின் கட்சி. நாலு சக்கரமோ நாற்பது சக்கரமோ, தன் புருஷன் அந்த மலைப்பக்கமே போகக் கூடாது என்பது ஃபக்ருன்னிசாவின் கட்சி. ஆனால் அதை அவள் ஒரு நாளும் வாய்விட்டுச் சொல்லவில்லை. பயணத்துக்கு நிற்கிறவனைப் ‘போகாதே’ என்றால் அந்த வார்த்தையே அவனுக்குக் கெடுதலாக முடியும் என்று சொல்லித்தான் அவள் உம்மா வளர்த்திருந்தார். டிரைவர் வீட்டுப் பெண்கள் யாரும் அதை வாயில் எடுப்பதில்லை.

அதனால்தான் நேற்று யாருக்கும் தெரியாமல் இந்தக் கார்ச் சந்தைக்கு வந்து, தரகர் அமீர் அலியைப் பார்த்தாள்.

“நானா, அவர் வந்தா இந்த வண்டி வேணாம்னு சொல்லிடுங்க. வண்டி இல்லேன்னா வேலை தானா விட்டுப் போயிடும். உங்க தரகை நான் தர்றேன்” என்று அண்ணன் முறை வைத்துக் கெஞ்சினாள்.

அமீர் அலி தாடியைத் தடவிக்கொண்டு, பார்க்கலாம் தங்கச்சி என்று மட்டும் சொல்லியிருந்தார்.

இன்றைக்கு அவர் வெளுத்து வாங்கினார். நாலு சக்கரமும் எப்போதும் இழுத்தால் அத்தனை பெட்ரோலுக்கு எங்கே போவது? ரேஷனில் தருவது தாமுவேயைச் சுற்றி வரக்கூடக் காணாது, மீதியை ரோட்டோரத்தில் பாட்டில் பாட்டிலாக வாங்கி ஊற்ற வேண்டும். ஒரு டயர் தேய்ந்தால் நாலையும் மாற்ற வேண்டும். நடுவில் இருக்கிற பல்சக்கரப் பெட்டி போனால் பிரித்துப் பார்க்க ரங்கூனில் ஆள் கிடையாது. மலைக்குப் போகும் சில மாதத்துக்காக வருஷம் பூராவும் யானைக்குத் தீனி போடுவாயா என்று கேட்டார்.

“உசிருக்கு முன்னால பெட்ரோல் என்ன நானா?” என்றான் அய்யூப்.

ஃபக்ருன்னிசா புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். இந்த மனிதன் மசிய மாட்டான் போலிருக்கிறதே.

“நானும் உசிரப் பத்தித்தான் பேசறேன் தம்பி. ஏறும்போது நாலும் இழுக்கும், ஒத்துக்கறேன். எறங்கும்போது? பிரேக்கு எல்லா வண்டிக்கும் நாலு சக்கரத்துலதான். வழுக்கினா இதுவும் வழுக்கும். இந்த ஊர்ல ரோட்டுக்கு வலது பக்கம் ஓட்டறோம், ஸ்டியரிங்கும் வலது பக்கம். முன்னால போறவனைத் தாண்டணும்னா எதுக்க வர்றவன் உனக்குத் தெரிய மாட்டான். நாலு சக்கரத்துல ஒண்ணுக்காவது கண்ணு இருக்கா?”

அய்யூப் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தான். டயரைக் காலால் ஓர் உதை விட்டான்.

“அப்ப வேணாங்கிறீங்க?”

“வித்தாத்தான் எனக்குச் சோறு. நானே வேணாங்கிறேன்.”

“ஜாபர் மச்சான் கோவிச்சுக்குவாரே. நீ என்ன நிசா சொல்றே?”

அவள் குரலை அடக்கிக்கொண்டு, தெரிஞ்சவர் சொல்றார், அண்ணன்கிட்ட நான் பேசிக்கறேன் என்றாள். அவன் பெருமூச்சு விட்டு, நமக்கு லைன் காரே போதும் என்று சொல்லி, முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு எதிர்க் கடைக்கு வெற்றிலை வாங்கப் போனான்.

பார்க்கவே பாவமாக இருந்தது. குழந்தை கையில் இருந்ததைப் பிடுங்கிவிட்ட மாதிரி அவளுக்கு உறுத்தியது. இருந்தாலும் ஆள் வீட்டில் இருப்பான். அது போதும். கைப்பையிலிருந்து பணப் பொட்டலத்தை எடுத்து அமீர் அலியிடம் நீட்டினாள்.

அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

“உள்ள வைங்க தங்கச்சி. ஒரு வேலைக்கு ரெண்டு கூலி வாங்கினா ஹராம்.”

அவள் புரியாமல் பார்த்தாள். அவர் எதிர்க் கடைப்பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“நீங்க வர்றதுக்கு முந்தின நாளே உங்க வீட்டுக்காரர் வந்து தரகைக் கொடுத்துட்டாரு. ‘மச்சான் புடிச்சுக் குடுத்த வேலை, எனக்குப் பயமா இருக்குன்னு பொண்டாட்டிகிட்ட எப்படிச் சொல்றது, நான் எவ்வளவு அடம் புடிச்சாலும் நீங்க மசியாம இந்த வண்டி வேணாம்னு சொல்லிடுங்க நானா’ன்னு.”